துப்பாக்கிக்கும் தேய்மானம் உண்டு சாமி!

பி.காம். சேர்ந்த எவருக்கும் தேய்மானம் தெரியும். பத்து லட்ச ரூபாய் எந்திரம், பத்து வருட ஆயுள், வருடத்துக்கு ஒரு லட்சம் எழுது... முடிந்தது, மார்க்கும் வந்துவிடும். இந்த நேர்கோட்டுக் கணக்கைத் துப்பாக்கிக்குப் போட்டால்தான் ஆபத்து. ஆனால் நாட்டில் நடக்கும் துப்பாக்கிப் பேச்சு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது!

2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். அதன் ஐந்து மையங்களில் சென்னையும் ஒன்று. சென்னை என்றதும் எல்லோர் கண்ணும் போவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். வல்லம் வடகாலில் சிப்காட்டின் ஏரோஸ்பேஸ் பூங்கா வேறு இருக்கிறது. அப்புறமென்ன, "கார் எஞ்சினே செய்கிற ஊருக்கு ஒரு துப்பாக்கிக் குழல் பெரிய விஷயமா?" என்று கேட்கிறார்கள்.

பெரிய விஷயம்தான் அய்யா. எஞ்சின் வருடக்கணக்கில் ஓடும். ரைஃபிள் குழலுக்குள் குண்டு இருப்பதோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். ஐயாயிரம் தோட்டா சுட்டுத் தேய்ந்த குழல் தன் வாழ்நாளில் மொத்தமாக உழைத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பத்து விநாடிகூட வராது! அந்தச் சில விநாடிகளில் அது படும் பாடு கொஞ்சமல்ல. இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸ் போதும். உள்ளே எரியும் வாயுவின் சூடு சுமார் 2,500. அழுத்தமோ காற்று மண்டலத்தைப் போல நாலாயிரம் மடங்கு. முதலில் அடி வாங்குவது குழலின் தொண்டை, அதாவது தோட்டா அமரும் அறைக்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதி. அங்கே எஃகு, கோடையில் வற்றிய ஏரித்தரை போலப் பாளம் பாளமாக வெடிக்கும். பிறகு சுருள் வரிகள் கரையும், குண்டு சீராகச் சுழலாது, குறி தப்பும்.

வேகம் கூடினால் கேட்கவே வேண்டாம். 1935-இல் வின்செஸ்டர் கம்பெனி விட்ட .220 ஸ்விஃப்ட் தோட்டா விநாடிக்கு 1,200 மீட்டரைத் தாண்டியது. கூடவே குழலைத் தின்கிறது என்ற கெட்ட பெயரும் வாங்கியது. குரோம் பூசலாமே என்றால், பூசலாம், ஆயுள் கூடும். பூச்சு சீராக அமையாவிட்டால் குறி கெடும். போட்டியில் சுடுபவர்கள் பெரும்பாலும் பூச்சில்லாத குழலையே விரும்புவது அதனால்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். பேச்சுக்கு ஒரு குழல் 12,000 ரூபாய், 4,000 தோட்டா தாங்கும். இன்னொன்று 20,000 ரூபாய், 10,000 தாங்கும். மலிவு எது? முதலாவதில் ஒரு சூட்டுக்கு மூன்று ரூபாய் தேய்கிறது, இரண்டாவதில் இரண்டு. உற்பத்தி அலகு முறை என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பீரங்கிக்கு எத்தனை குண்டு சுட்டது என்று பதிவேடு வைப்பது உலகமெங்கும் பழைய வழக்கம். ஒரகடத்தில் பிளாஸ்டிக் அச்சு வைத்திருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள், அச்சின் வயதை வருடத்திலா சொல்வார்கள்? எத்தனை ஷாட் என்றுதான் சொல்வார்கள்.

2019 பிப்ரவரியில் 72,400 சிக்-716 ரைஃபிள்கள். 2021 டிசம்பரில், அமேதியில் செய்வதற்கு 6,01,427 ஏ.கே.-203. எண்ணிக்கையும் கோடியும் தலைப்புச் செய்தியாகின. குழல் எத்தனை தோட்டா தாங்கும், அத்தனையும் சுட்டபின் 300 மீட்டரில் குண்டுகள் எவ்வளவு சிதறும், மாற்றுக் குழல் எங்கே தயாராகும் என்று விவாதித்த டி.வி. சேனல் எது? "சுதேசி" என்று கைதட்டுபவர்களும் கேட்கவில்லை, "செலவு அதிகம்" என்று திட்டுபவர்களும் கேட்கவில்லை.

தேய்ந்த குழலோடு காவலுக்கு நிற்பவனுக்கு அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயர் வழுக்கையானால் பார்த்ததும் தெரியும். குழல் கறுப்பாகப் பளபளவென்று அப்படியேதான் இருக்கும். அளவுகோல் விட்டுப் பார்த்தால்தான் உண்டு. பார்க்காமல் விட்டால், குறி தவறியதற்குப் பழி குழல் மேல் வராது, அவன் கை மேல்தான் வரும்.