மலைநாட்டு வரிப்பணம் எங்கே போகிறது?

கடையில் சவர்க்காரம் வாங்கினாலும், பிள்ளையின் படிப்புக்காக போனுக்கு ரீலோட் போட்டாலும் நாம் வரி கட்டுகிறோம். 2024 ஜனவரி முதல் வற் வரி நூற்றுக்கு 18. அந்தப் பணம் கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. ஆனால் நமது தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. கூரைத் தகடு மாற்றக் கேட்டால் மாகாணத்திடம் பணம் இல்லை என்ற பதில்தான் வருகிறது. பிறகு பெற்றோர் தங்கள் நாட்சம்பளத்திலிருந்து காசு சேர்க்கிறார்கள். ஒரே கூரைக்கு இரண்டு தடவை வரி.

மாகாணத்திடம் ஏன் பணம் இல்லை? 1987 இல் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குச் சில வரிகளைக் கொடுத்தது. அவற்றில் முக்கியமானது மொத்த, சில்லறை வியாபாரத்தின் மீதான புரள்வு வரி. 2011 இல் அதை எடுத்துவிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். 2019 டிசெம்பரில் அந்த வரியே இல்லாமல் போனது, பங்கும் போயிற்று. காணி கைமாறும்போது முத்திரை வரி, வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், மதுபான அனுமதிக் கட்டணம் என்பவைதான் மிச்சம். காணி உறுதி இல்லாமல் லயத்தில் இருப்பவர்கள் மத்தியில் முத்திரை வரி எங்கிருந்து வரும்? தோட்ட வாசலில் தவறணை திறந்தால்தான் மாகாணத்துக்கு வருமானம். இதற்குப் பெயர் அதிகாரப் பகிர்வு.

மாகாணங்களுக்கு வரி அதிகாரம் வேண்டும் என்போருடன் நாமும் நிற்கிறோம். ஆனால் பழைய வரியை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதாது. கொழுந்து பறிப்பது நுவரெலியாவிலும் பதுளையிலும். தேயிலை ஏலம் நடப்பது கொழும்பில். விற்பனை எங்கே பதிவாகிறதோ அங்கேதான் புரள்வு வரி சேரும். மேல் மாகாணம்தான் மேலும் கொழுக்கும். மலையில் விளைந்ததன் வரியில் ஒரு பங்கு மலைக்குத் திரும்ப வேண்டும்.

மாகாணங்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று சிபாரிசு செய்ய நிதி ஆணைக்குழு இருக்கிறது. சனத்தொகை, தலா வருமானம், ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் தேவை ஆகியவற்றை அது பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு மாகாணக் கணக்கு. கண்டி நகர வியாபாரியின் வருமானமும் நமது நாட்சம்பளமும் ஒரே மத்திய மாகாணச் சராசரிக்குள் கலந்துவிடுகின்றன. நமது வறுமை அதற்குள் மறைந்து போகிறது. தொகைமதிப்புத் திணைக்களமோ நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே வறுமையைக் கணக்கிடுகிறது. ஆகவே புள்ளிவிபரம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தோட்டப்பகுதியைத் தனியாகக் கணக்கெடுத்து நிதி ஒதுக்க வேண்டும் என்பதே நமது முதற் கோரிக்கை.

ஒதுக்கினாலும் யாரிடம் கணக்குக் கேட்பது? மத்திய மாகாண சபையின் காலம் 2018 இலும் ஊவாவின் காலம் 2019 இலும் முடிந்தன. அதற்குப் பின் தேர்தல் இல்லை; ஆளுநரே நடத்துகிறார். நாம் வாக்களித்து அனுப்பிய ஒருவரும் அந்த வரவு செலவுத் திட்டத்தைக் கேள்வி கேட்க அங்கே இல்லை. தேர்தலை நடத்து என்பது இரண்டாவது கோரிக்கை.

பிரதேச சபைகளின் கதை வேறு. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி அறவிடச் சபைக்கு அதிகாரம் இருந்தது. தோட்டத்துக்குள் ரோட்டுப் போடச் சட்டமே தடையாக நின்றது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. இனிச் சாட்டு இல்லை.

தோட்டக் கமிட்டித் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமார் இதைச் செய்யுங்கள். இவ்வருடம் உங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதாகக் குறிப்பிடுங்கள். வரும் பதிலின் பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பினால் தோட்டத்தின் பெயரோடு இங்கே வெளியிடுவோம். பதில் வராவிட்டால் அதையும் வெளியிடுவோம்.