டீக்கடைக்கு நல்ல நேரம் எது?

டீக்கடைக்கு எப்போது போவது? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிப்பவர் அநேகமாக ஆணாகத்தான் இருப்பார். அவருக்கு ராகு காலம் உண்டு, எமகண்டம் உண்டு. டீக்கு மட்டும் நேரம் காலமே கிடையாது. காலை அஞ்சரைக்கு பாய்லர் சூடானதும் முதல் டீ. பதினோரு மணிக்கு வடையோடு ஒன்று. நாலு மணிக்கு பஜ்ஜியோடு ஒன்று. ராத்திரி கடை சாத்துவதற்கு முன்னால் "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு". வேலை இருந்தாலும் டீ, இல்லாவிட்டாலும் டீ.

இதே கேள்வியை அதே தெருவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அவர் கணக்குப் போட ஆரம்பிப்பார். காலையில் பேப்பர் படிக்கிற கூட்டம், வேண்டாம். பதினோரு மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டே அங்கேதான் நிற்கும், வேண்டாம். சாயங்காலம் பெஞ்ச் முழுக்க ஆட்கள், தலைக்கு மேல் சிகரெட் புகை. ராத்திரி? பேச்சே இல்லை. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது மதியம் ரெண்டரையிலிருந்து மூன்றரை வரை. அந்த நேரத்தில் மாஸ்டர் அரைத் தூக்கத்தில் இருப்பார். பையில் இருக்கிற தூள் கசந்து போயிருக்கும். பால் சுண்டிப் போயிருக்கும். ஆக, ஒரு நாளில் கிடைக்கிற டீயிலேயே மோசமான டீயைப் பார்த்துப் பெண்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது நம் ஊர். நல்ல இட ஒதுக்கீடு!

"கூட்டமில்லாத நேரமா பார்த்துப் போயிட்டு வாம்மா." அம்மாவிலிருந்து ஹாஸ்டல் வார்டன் வரை எல்லோரும் சொல்லும் அறிவுரை இது. பாதுகாப்புக்காகச் சொல்கிறார்களாம். கொஞ்சம் யோசித்தால் இதில் இருக்கும் கோளாறு புரியும். பத்து பேர் பார்க்கிற இடம் பாதுகாப்பா, ஆளே இல்லாத தெருவில் ஒற்றை ஆளோடு இருக்கிற இடம் பாதுகாப்பா? ஏ.டி.எம்.முக்கு ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில் போ என்று சொல்லும் அதே வாய்தான் டீக்கடைக்கு ஆளில்லாத நேரத்தில் போகச் சொல்கிறது. அப்படியானால் பயம் திருடனைப் பற்றியது அல்ல, "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்பதைப் பற்றியது. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

"யாரும்மா தடுத்தாங்க? போர்டா போட்டிருக்கு?" என்பது அடுத்த வாதம். போர்டு போட்ட காலமும் இருந்தது சார். காப்பி கிளப்புகளின் பெயர்ப்பலகையில் "பிராமணாள்" என்று எழுதியிருந்த காலம் அது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் இயக்கம் மறியல் செய்தது அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லித்தான். போர்டு இருந்ததால் அதை எதிர்த்து நிற்க ஒரு இடம் இருந்தது. ஆனால் கிராமத்து டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி கிளாஸ் வைத்த இரட்டைக் குவளைக்கு எந்த போர்டும் கிடையாது. யாருக்கு எந்த கிளாஸ் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு கொடுமையும் ஒரே எடை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. போர்டு இல்லை என்பதால் தடை இல்லை என்று ஆகிவிடாது, அதுதான் விஷயம். எழுதாத விதியை அழிக்க எந்த ரப்பரும் கிடையாது.

பெண்களுக்கு அந்த எழுதாத விதி இரண்டே வார்த்தையில் வரும். ஒரு பெண் கடை முன்னால் வந்து நின்றதும் மாஸ்டர் கேட்பார்: "பார்சலா மா?" மரியாதையாகத்தான் கேட்கிறார், கெட்ட எண்ணமே கிடையாது. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஆணிடம் அவர் கேட்பது "சக்கரை கம்மியா?" என்று. ஒருவரிடம் டீ எப்படி வேண்டும் என்ற கேள்வி, இன்னொருவரிடம் எப்போது கிளம்புவாய் என்ற கேள்வி!

இந்த டீத்தூள் எங்கிருந்து வருகிறது? நீலகிரியிலும் வால்பாறையிலும் மூணாறிலும் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2015-ல் மூணாறில் கூலிக்கும் போனஸுக்கும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஓரங்கட்டிவிட்டு வீதிக்கு வந்தார்கள். "பெம்பிளை ஒருமை" என்று அதற்குப் பெயர். இலையைப் பறிப்பது பெண். எத்தனையோ தெருவோரக் கடைகளில் பாய்லருக்குப் பின்னால் நின்று டீ போடுவதும் பெண்தான். பாய்லருக்கு அந்தப் பக்கம் நிற்கலாம், இந்தப் பக்கம் நின்று குடிக்க மட்டும் நல்ல நேரம் பார்க்க வேண்டும்.

"வீட்லதான் டீ இருக்கே, கடையில எதுக்கு?" சரி, ஆண்களுக்கும் வீட்டில் டீ இருக்கிறதே? அவர்கள் ஏன் வருகிறார்கள்? வீட்டு டீயை யார் போடுகிறார்கள், யார் கிளாஸ் கழுவுகிறார்கள் என்பது ஒரு பக்கம். டீக்கடையில் விற்பது டீ மட்டும் இல்லை. எந்த கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்தத் தெருவில் வீடு காலி, வார்டு கவுன்சிலர் எப்போது வருவார், எல்லாம் அங்கேதான் கிடைக்கிறது. ஒரு டீ காசில் பத்து நிமிஷ ஓய்வும் ஊர்ச் செய்தியும். அந்தப் பத்து நிமிஷம் ஊரில் பாதிப் பேருக்கு மூடியிருக்கிறது.

"அப்போ கஃபேக்குப் போங்களேன், ஏசி இருக்கு, யாரும் முறைக்க மாட்டாங்க." இங்கேதான் காமர்ஸ் கணக்கு வருகிறது. தெருமுனையில் ஒரு டீ பதினைந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கஃபேயில் ஒரு காப்பி நூற்றைம்பது. நடுவில் இருக்கிற நூற்று முப்பத்தைந்து ரூபாய் எதற்கு? ஆண் கொடுத்தால் அது ஏசிக்கும் சோபாவுக்கும். பெண் கொடுத்தால் அதில் ஒரு பங்கு, யாரும் முறைக்காமல் உட்கார்வதற்கான வாடகை. தெருவில் இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஒன்றைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வது தீர்வா? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்ணால் அந்த வாடகையைக் கட்ட முடியுமா?

கடைக்காரருக்கும் இது நஷ்டக் கணக்குதான். வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் எத்தனை பேர் வந்தாலும் ஒன்றுதான். வரக்கூடிய வாடிக்கையாளரில் பாதியை வாசலிலேயே "பார்சலா" என்று திருப்பி அனுப்பும் வியாபாரத்தை எந்தப் பாடப்புத்தகமும் புத்திசாலித்தனம் என்று சொல்லாது.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா? பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2-லிருந்து இருக்கிறது. டீக்கடை வாசலில் புகையும் இருக்கிறது. ஆனால் பழக்கம் மாறவே மாறாது என்பதும் பொய். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இன்று அந்த பஸ்களில் ஏறிப் பார்த்தால் தெரியும், எந்த நேரத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. காரணம் ரொம்ப சிம்பிள், நிறைய பேர் ஏறினார்கள். அதே பஸ் ஸ்டாப்பை ஒட்டித்தான் டீக்கடையும் இருக்கிறது. நடுவில் இருப்பது பத்தடி தூரம்.

அந்தப் பத்தடியைத் தாண்ட நல்ல நேரம் கூட்டமுள்ள நேரம்தான். காலை ஏழு மணி, சாயங்காலம் அஞ்சு மணி. பால் புதுசு, டிகாஷன் புதுசு, பஜ்ஜி சூடு. முதலில் இரண்டு மூன்று பேராகப் போகலாம், கொஞ்ச நாளில் தனியாகவும் போகலாம். பெஞ்சில் இருக்கும் அண்ணன்மார்கள் பெரிய தியாகம் எதுவும் செய்ய வேண்டாம். சிகரெட்டை அணைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் பேப்பரைப் பார்த்தால் போதும். மாஸ்டருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். அடுத்த முறை ஒரு பெண் வந்து நின்றால், சக்கரை எவ்வளவு என்று கேளுங்கள்.