இன் ஷார்ட் என்று எழுதுவதற்கு முன்

அன்பு வாசகர்களுக்கு,



கல்லூரிச் சேர்க்கையும் வேலை விண்ணப்பங்களும் ஒன்றாக வரும் காலம் இது. ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான அறிமுகக் கட்டுரை, அரசு அலுவலகத்துக்கு அனுப்பும் மனு என்று உங்களில் பலர் நகல்களை எங்களுக்கும் அனுப்பி, ‘ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு நன்றி. இலக்கணப் பிழைகள் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பலருக்கும் இடறும் இடம் கடைசிப் பத்திதான். அது ‘இன் கன்க்ளூஷன்’ என்றோ, ‘டு சம் அப்’ என்றோ, ‘இன் ஷார்ட்’ என்றோ கம்பீரமாகத் தொடங்குகிறது. பிறகு மேலே படித்ததே மறுபடி வருகிறது, அதே நீளத்தில், சில சமயம் இன்னும் கூடுதல் நீளத்தில்.

இந்த மாதப் பக்கத்தை அந்தச் சின்னச் சொற்றொடர்களுக்கே ஒதுக்குகிறேன்.

‘இன் ஷார்ட்’ என்று எழுதும்போது படிப்பவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறோம். ‘இதுவரை விரித்துச் சொன்னேன், இனி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்’ என்பது அந்த வாக்கு. அதைக் காப்பாற்ற இரண்டு விஷயங்கள் வேண்டும். பின்னால் வருவது முன்னால் வந்ததைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். முன்னால் இல்லாத புதுச் சரக்கு எதுவும் அதற்குள் நுழையக் கூடாது.

இந்த வாக்கைக் காப்பாற்றிய ஒரு மனிதர் ஆங்கில இலக்கியத்தில் இருக்கிறார். சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் வரும் மிஸ்டர் மிக்காபர்தான் அவர். 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதப் பகுதிகளாக வெளிவந்த கதை அது. கடன்காரர்கள் வாசலில் நின்று கத்தும்போதும் நல்ல காலம் வரும் என்று நம்பிக்கொண்டே இருப்பவர் மிக்காபர். டிக்கன்ஸ் தன் தந்தை ஜானை மனத்தில் வைத்து இவரைப் படைத்தார். அந்தத் தந்தை 1824இல் கடனுக்காக லண்டனின் மார்ஷல்சீ சிறைக்குப் போனவர். மிக்காபருக்கு நீளமான, அலங்காரமான வாக்கியங்கள் மேல் பெரிய ஆசை. கனமான சொற்களை அடுக்கிக்கொண்டே போவார். ஓரிடத்தில் சட்டென்று நின்று, ‘இன் ஷார்ட்’ என்பார். அடுத்து வருவது வீட்டில் பேசுகிற பேச்சு.

சிறுவன் டேவிட்டை முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். இந்த மாநகரத்தில் உன் பயணங்கள் இன்னும் விரிவடையவில்லை, இதன் சிக்கலான வழிகளுக்குள் புகுந்து செல்வது உனக்குச் சிரமமாக இருக்கக்கூடும் என்ற பொருளில் சுற்றிச் சுற்றிப் பேசுகிறார். அப்புறம்தான் ‘இன் ஷார்ட்’ வருகிறது. நீ வழி தவறிப் போய்விடுவாய் என்பதே அவர் சொல்ல வந்தது. அதனால் மாலையில் தானே வந்து அழைத்துப்போவதாகச் சொல்கிறார். படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சொற்றொடரின் இலக்கணம் முழுவதும் அந்த இடத்தில் இருக்கிறது. முன்னால் பெரியது, பின்னால் சின்னது. முன்னால் சுற்று, பின்னால் நேர்வழி.

நம் கடிதங்களில் என்ன நடக்கிறது? ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் திஸ் ஜாப். இன் ஷார்ட், ஐ வான்ட் திஸ் ஜாப்’ என்று ஒரு விண்ணப்பம் முடிகிறது. சுருக்குவதற்கு இங்கே எதுவும் விரிக்கப்படவில்லை. ஒரே பக்கத்தில் நாலு பத்தி எழுதிவிட்டு ‘டு சம் அப்’ என்று தொடங்குவதும் இப்படித்தான். அது பல கருத்துகளை அடுக்கிய நீண்ட உரைக்கோ கட்டுரைக்கோ உரியது. ‘இன் கன்க்ளூஷன்’ வேறு வகை. முடிக்கப்போகிறேன் என்ற அறிவிப்பு அது. மேடையில் அதைச் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அதன் பிறகும் கால் மணி நேரம் பேசினால் யாரும் மன்னிப்பதில்லை. ஒரு பக்கக் கடிதத்துக்கு அந்த அறிவிப்பே தேவையில்லை, முடிவு கண்ணெதிரே தெரிகிறது.

இதைவிட முக்கியமான ஒரு குழப்பம் உண்டு. தொகுப்பது வேறு, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது வேறு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் பற்றி ஒரு மனு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், மாத்திரை வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது, இரவில் கதவு பூட்டிக் கிடக்கிறது என்று எழுதுகிறீர்கள். அடுத்து ‘இன் ஷார்ட்’ என்று போட்டால் வர வேண்டியது, ‘இந்த நிலையம் பெயருக்குத்தான் இயங்குகிறது’ என்பது. மூன்று குறைகளும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. ‘முழுநேர டாக்டர் ஒருவரை நியமியுங்கள்’ என்ற கோரிக்கை அங்கே வரக் கூடாது. அது தொகுப்பு இல்லை, அடுத்த படி. அதற்கு ‘தேர்ஃபோர்’ அல்லது ‘ஸோ’ வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால், மனுவைப் படிக்கிற அதிகாரிக்குக் கோரிக்கை எது, குறை எது என்று பிடிபடாது. மனு எழுதுகிற வாசகர்கள் இந்த ஓர் இடத்தில் மட்டுமாவது கூடுதல் கவனம் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சில சொற்றொடர்கள் தமிழ்ப் பேச்சுக்குள் வந்து வேறு வேலை பார்க்கின்றன. 1984இல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி ஏற்ற ஆல் இன் ஆல் அழகுராஜாவை மறக்க முடியுமா? அந்தப் பாத்திரத்துக்குப் பிறகு நமக்கு ‘ஆல் இன் ஆல்’ என்றால் எல்லா வேலையும் தெரிந்தவர். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘ஆல் இன் ஆல்’ நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எடைபோட்டுச் சொல்லும் தீர்ப்பு. விடுதி அறை சிறியது, சாப்பாடு சுமார், ஆனால் நண்பர்கள் நல்லவர்கள். இவ்வளவும் சொன்ன பிறகு ‘ஆல் இன் ஆல், இட் வாஸ் எ குட் இயர்’ என்றால் பொருந்தும். நல்லதை மட்டும் அடுக்கிவிட்டு அதைப் போட்டால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

‘ஆஃப்டர் ஆல்’ இன்னும் ஆபத்தானது. ‘ஆஃப்டர் ஆல் ஒரு கிளார்க்’ என்று நாம் பேசும்போது ‘வெறும்’ என்ற அர்த்தத்தில் ஒருவரைத் தாழ்த்துகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. தொகுக்கும் வேலையும் அதற்குக் கிடையாது. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால், படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு காரணத்தை நினைவூட்டுகிறது: ‘அவனைத் திட்டாதே, சின்னப் பையன்தானே’ என்பதில் உள்ள அந்தத் ‘தானே’ போல. கடைசியில் வந்தால், எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தது என்று பொருள். ‘ஹி கேம் ஆஃப்டர் ஆல்’ என்றால், வரமாட்டான் என்று நினைத்தோம், வந்துவிட்டான். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் ‘ஆஃப்டர் ஆல்’ என்று தொகுப்புரை தொடங்கினால் அவர் என்ன நினைப்பாரோ!

‘அட் லாஸ்ட்’ என்று கட்டுரையின் கடைசிக் கருத்தைத் தொடங்குவதும் பரவலாக இருக்கிறது. நெடுநேரம் காத்திருந்து கிடைத்த நிம்மதிதான் அதன் பொருள், பஸ் வந்துவிட்டது என்பதைப் போல. வரிசையில் கடைசிக் கருத்துக்கு ‘லாஸ்ட்லி’ அல்லது ‘ஃபைனலி’ போதும். அவையும் தொகுப்பவை அல்ல, வரிசையின் கடைசி எண்ணைச் சொல்பவை.

எனக்குப் பிடித்தது ‘பை அண்ட் லார்ஜ்’. கடலில் பிறந்த சொற்றொடர் அது. பாய்மரக் கப்பல்கள் ஓடிய 17ஆம் நூற்றாண்டில், காற்றை ஏறக்குறைய எதிர்த்துப் போவதை ‘பை’ என்றும், சாதகமான காற்றோடு போவதை ‘லார்ஜ்’ என்றும் மாலுமிகள் சொன்னார்கள். எந்தக் காற்றிலும் நன்றாக ஓடும் கப்பல் என்பதிலிருந்து, பொதுவாகப் பார்த்தால் என்ற பொருள் வந்தது. விதிவிலக்குகள் உண்டு என்று ஒப்புக்கொண்டே பேசுகிற நேர்மை அதில் இருக்கிறது. ‘ஆன் தி ஹோல்’ என்பதும் அதே குணம் உடையது. ‘அட் தி எண்ட் ஆஃப் தி டே’ மட்டும் வேண்டாம் என்பேன். தொலைக்காட்சி விவாதங்களில் அது தேய்ந்துபோய்விட்டது. அரசாங்க ஆங்கிலத்தை எளிமையாக்கப் பாடுபடும் பிரிட்டனின் ‘பிளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன்’ அமைப்பு 2004இல் கருத்துக் கேட்டபோது, கேட்கவே சலிப்பூட்டும் தொடர் என்று முதலிடம் பெற்றது இதுதான்.

நிறுத்தக்குறிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொற்றொடர் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அதை அடுத்து ஒரு காற்புள்ளி. நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் காற்புள்ளி: ‘தி ட்ரிப் வாஸ், இன் ஷார்ட், எ ஃபெய்லியர்.’ முழுமையான இரண்டு வாக்கியங்களை இணைக்க அது வந்தால் முன்னால் அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. இந்த மூன்றாவது இடத்தில்தான் பலரும் முன்னாலும் காற்புள்ளியே போட்டுவிடுகிறார்கள். அரைப்புள்ளி பழக்கமில்லை என்றால் முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியமாகத் தொடங்குங்கள். அதில் தவறே இல்லை.

சொற்றொடரே இல்லாமல் தொகுக்கவும் ஆங்கிலத்தில் வழி உண்டு, அது நமக்கு எளிதில் வரக்கூடியது. ‘அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகிய மூன்றும் விலை ஏறிவிட்டன’ என்று பட்டியலை ஒரே சொல்லால் கூட்டி முடிப்பது தமிழின் இயல்பு. ஆங்கிலத்தில் பட்டியலுக்குப் பின் ஒரு நீள்கோடு போட்டு, ‘ஆல் த்ரீ’ என்று அதே வேலையைச் செய்யலாம்: ‘ரைஸ், தால், ஆயில் — ஆல் த்ரீ காஸ்ட் மோர் நவ்.’ இது அழகாகவும் இருக்கிறது, சிக்கனமாகவும் இருக்கிறது. ‘திஸ் ஆல் திங்ஸ்’ என்று எழுதுகிறவர்கள் இந்த வடிவத்துக்கு மாறிவிடலாம்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப்போகும் தம்பி தங்கைகள் இந்தப் பக்கத்தை அவசியம் படிக்க வேண்டும். கட்டுரைக் கேள்விக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். மதிப்பெண் தரும் நான்கு அளவுகோல்களில் ஒன்று, கருத்துகள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைகின்றன என்பது. இதைக் கேட்டுவிட்டு, பத்திக்குப் பத்தி இணைப்புச் சொற்களை மனப்பாடம் செய்து ஒட்டுகிறார்கள். அந்த அளவுகோலின் உச்சியில் இருப்பது, இணைப்பு கண்ணில் படாத எழுத்து. இயந்திரத்தனமாக ஒட்டியது கீழே நிற்கிறது. அகாடமிக் தேர்வின் முதல் கேள்வியில், வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிக்கும்போது, ஒட்டுமொத்தப் போக்கை ஓரிரு வரியில் சொல்லியே ஆக வேண்டும். அதை அறிமுகத்தை அடுத்து உடனே எழுதிவிடுவது நல்ல பழக்கம். தொகுப்பு கடைசியில்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சொல்லப்போனால், தொகுப்பை முன்னால் வைப்பதுதான் நம் மரபும். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் தொகுத்துச் சுட்டலுக்கு அடுத்துத்தான் வகுத்துக் காட்டல் வருகிறது. தொல்காப்பியத்திலும் தொகுத்துக் கூறலுக்குப் பிறகுதான் வகுத்தல். அதே நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களைப் பள்ளியில் ஒப்பித்திருப்போம். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். எங்களுக்கு வரும் நகல்களின் கடைசிப் பத்திகளில் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிறேன். தமிழில் எழுதும்போது இந்தக் குற்றங்களுக்கு அஞ்சுகிற நாம், ஆங்கிலம் என்றதும் சலுகை கொடுத்துவிடுகிறோம். கொடுக்க வேண்டாம்.

1940 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டனின் வானில் ஜெர்மானிய விமானங்களோடு போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், பிரதமர் சர்ச்சில் தன் அமைச்சரவைக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தலைப்பே ‘பிரெவிட்டி’. வரும் அறிக்கைகள் எல்லாம் மிக நீளம், முக்கியமானதைத் தேடுவதிலேயே நேரம் போகிறது என்று அதில் சொன்னார். முக்கியக் கருத்துகளைச் சின்னச் சின்னப் பத்திகளில் எழுதுங்கள், விரிவான புள்ளிவிவரத்தைப் பின்னிணைப்பில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்னின்னவற்றைக் கருத்தில் கொள்வதும் முக்கியம் என்பது போன்ற அலுவலகச் சொற்றொடர்கள் பெரும்பாலும் வெறும் அடைசல், அவற்றை விட்டுவிடலாம் என்றும் எழுதினார். அந்தச் சுற்றறிக்கையே ஒரு பக்கம்தான். நாட்டின் தலைக்கு மேல் குண்டு விழும் நேரத்திலும் வாக்கியங்களின் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட ஒருவருக்கு நேரம் இருந்தது. நேரம் இல்லாததால்தான் கவலைப்பட்டார் என்பதே சரி.

அதனால் வாசகர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். நீங்கள் கடைசியாக ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தையோ விண்ணப்பத்தையோ எடுங்கள். ‘இன் ஷார்ட்’, ‘டு சம் அப்’, ‘இன் கன்க்ளூஷன்’ எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்தச் சொற்றொடரை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். வாக்கியம் தானாக நின்றால் சொற்றொடர் தேவையில்லை. மேலே சொன்னதையே திரும்பச் சொல்கிறது என்றால் வாக்கியமே தேவையில்லை. உண்மையிலேயே ஒரு சாரம் அங்கே இருந்தால், அதைத் தூக்கி முதல் பத்தியில் வைத்து, கடிதம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரும் ஊரும் இல்லாமல், சிறந்தவற்றை அடுத்த இதழில் அருகருகே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்