வைத்தியரிடம் மறைக்கலாமா?

சென்ற மாரியில், மொழிபெயர்த்து உதவுவதற்காக அயலிலுள்ள முதிய அம்மையார் ஒருவருடன் வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். இருமுறை அன்ரிபயோட்டிக் கொடுத்தும் அவரது காய்ச்சலும் இருமலும் தணியவில்லை. "வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?" என்று வைத்தியர் வினவியபோது, "இல்லை" என்றார். வெளியே வந்த பின்னரே, மூட்டுவலிக்காகக் கொழும்பிலிருந்து தருவித்த பிரட்னிசலோன் மாத்திரையை ஓராண்டாக விழுங்கி வருவதைக் கூறினார். "அதையேன் மாஸ்ரர் டொக்டரிட்டைச் சொல்லுவான்? ஏசுவார்." நான் திரும்பிச் சென்று வைத்தியரிடம் தெரிவித்தேன். அதன் பின்னரே பங்கசுத் தொற்றுக்கான பரிசோதனை நடைபெற்றது. நுரையீரலில் அது இருந்தது.

பங்கசின் வித்திகளை நாம் நாள்தோறும் சுவாசிக்கிறோம். நலமுள்ள உடல் அவற்றை அழித்துவிடும். ஆயின் புற்றுநோய்ச் சிகிச்சையால் வெண்குருதிக் கலங்கள் குறைந்தோர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றோர், ஸ்டீரொயிட் மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோர், கட்டுக்கடங்காத நீரிழிவுடையோர், எயிட்ஸ் நோயாளர், குறைமாதக் குழந்தைகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருப்போர் ஆகியோருக்கு அது உயிராபத்தாக முடியலாம். 2021இல் கொரோனா தொற்றின்போது இந்தியாவில் 45,000க்கும் அதிகமானோரைக் கறுப்புப் பங்கசு நோய் பீடித்தது. அவர்களுட் பெரும்பாலானோர் நீரிழிவுடையோர். ஸ்டீரொயிட் பெற்றோரும் பலர்.

அன்ரிபயோட்டிக் பக்டீரியாவை அழிக்கும், பங்கசை அழிக்காது. நோயாளி எத்தகையவர் என்பதை அறிந்தாலன்றி வைத்தியர் பங்கசைத் தேட முற்படுவது அரிது. அதனை அறிவிக்க வேண்டியவர்கள் நாமே.

ஏன் மறைக்கிறோம்? அதிகாரிகள் முன் அளந்து பேசிப் பழகிய அகதிச் சமூகம் நாம். விசாரணை மேசையில் அப்பழக்கம் எம்மைக் காத்திருக்கலாம். வைத்தியர் மேசையில் அதுவே எமக்கு எமனாகும். பத்து வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அமர்த்துவதும் தவறு. பிள்ளை முன்னிலையில் எந்த முதியவர் மனந்திறந்து பேசுவார்? வைத்தியர்களும், "ஊரிலிருந்து வந்த மாத்திரை உண்டா?" என வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும்.

ஊர் மருந்து, பரியாரியாரின் மருந்து உட்பட அனைத்தின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, வைத்தியரிடம் செல்லும்போதெல்லாம் எடுத்துச் செல்லுங்கள். இதனைப் படித்த அச்சத்தால் ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம், அதுவும் ஆபத்தே. அந்த அம்மையார் இன்று நலமாக உள்ளார். அன்று அவர் என்னிடமும் சொல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.