பெட்டியில் கிடக்கும் சோழர் காசு

2025ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி, ஆடித் திருவாதிரை விழாவை ஒட்டி, கங்கைகொண்ட சோழபுரத்தில் பாரதப் பிரதமர் ராஜேந்திர சோழனின் ஞாபகார்த்தமாக ஒரு நாணயத்தை வெளியிட்டார். வைபவம் நடந்த இடம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறதே ஒழிய, நம் கடலூர் மாவட்டத்து ஜனங்களுக்கு அது அயலூர் அன்று. சிதம்பரத்தில் பேருந்து ஏறி, வீராணம் ஏரிப் பக்கமாகக் காட்டுமன்னார்கோயிலைத் தாண்டிவிட்டால் சிறிது நேரத்தில் கோயில் விமானம் கண்ணில் பட்டுவிடும். இத்தனை அருகில் பிறந்த அந்த நாணயத்தை, திருப்பாதிரிப்புலியூர் மளிகைக் கடையிலோ, முதுநகர் மீன் அங்காடியிலோ, சிதம்பரம் கீழவீதிப் பூக்காரியின் சுருக்குப் பையிலோ எவராவது கண்டதுண்டா என்று விசாரித்துப் பார்த்தேன். கண்டவர் எவரும் இல்லை. அப்படியொரு நாணயம் வந்த சமாசாரமே பலருக்குத் தெரியவில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அது கைமாறுவதற்காக அடிக்கப்பட்ட காசே அன்று. அண்மை ஆண்டுகளில் நம் அரசாங்கம் வெளியிடும் ஞாபகார்த்த நாணயங்களிற் பெரும்பாலானவை, முன்கூட்டிப் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளும் சேகரிப்பாளர்களுக்கென்றே நாணயச் சாலைகளால் வழவழப்பாக அடிக்கப்பட்டு, அழகிய உறையிலும் பெட்டியிலும் வைத்து, முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுபவை. 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியான கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய் நாணயமும், 2023இல் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்காக வெளியான எழுபத்தைந்து ரூபாய் நாணயமும் இந்த ஜாதிதான். எம்.ஜி.ஆர் நூற்றாண்டுக்கு நூறு ரூபாயோடு ஐந்து ரூபாயிலும் நாணயம் உண்டு. ஆனால் அந்த ஐந்து ரூபாயை எந்தக் கண்டக்டரின் தோல்பையிலும் நான் கண்டதில்லை. எம்.ஜி.ஆரைக் கண்டக்டர்கள் கண்டதில்லை என்று சொன்னால் தமிழ்நாட்டில் யார்தான் நம்புவார்கள்?

ஆதியில் இப்படி இருக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஞாபகார்த்த நாணயங்கள், நேரு மறைந்த 1964ஆம் ஆண்டிலேயே ஒரு ரூபாயாகவும் அரை ரூபாயாகவும் வெளிவந்து, பட்டிதொட்டியெங்கும் புழங்கின. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த இருபது காசு பள்ளிப் பிள்ளைகளின் கையில் மிட்டாய்க் காசாக ஓடியது. எழுபதுகளில் 'திட்டமிட்ட குடும்பம், அனைவருக்கும் உணவு' என்ற வாசகத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் தாங்கி வந்த அலுமினியப் பத்துக் காசுக்கு அழகு என்று சொல்ல ஏதுமில்லை; எனினும் அரசாங்கத்தின் பிரசாரத்தை எந்த வானொலிப் பேச்சைக் காட்டிலும் அதிக வீடுகளுக்குள் அது கொண்டுபோய்ச் சேர்த்தது. 1995இல் தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காக வள்ளுவர் உருவத்தோடு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்தன. 2009இல் அண்ணாவின் நூற்றாண்டுக்கும், 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்தன. பெரிய கோயிலுக்கு அவ்வாண்டு ஆயிரம் ரூபாய் நாணயம் ஒன்றும் உண்டு. அந்த ஆயிரம் ரூபாய் பத்திரிகைகளில் அடிபட்டது. ஐந்து ரூபாயோ ஓசைப்படாமல் காய்கறிக் கடைக்கு வந்தது. என்னிடம் இருக்கும் ஒன்று அப்படி மஞ்சக்குப்பத்தில் மீதிச் சில்லறையாக வந்ததுதான். மஞ்சள் உலோகம் கறுத்து, எழுத்துகள் மழுங்கி, கோயில் மட்டும் கட்டைவிரலுக்குத் தட்டுப்படுகிறது. எனக்கு அந்தத் தேய்மானம் பிடித்திருக்கிறது.

ராஜராஜன் காலத்துச் செப்புக் காசை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருந்தும். ஒரு பக்கம் நின்ற கோலத்தில் ஓர் உருவம். மறுபக்கம் அமர்ந்த கோலத்தில் ஓர் உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர். இந்தக் காசு அந்நாளில் எவ்வளவு தாராளமாக அடித்து வழங்கப்பட்டதென்றால், ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அது அபூர்வப் பொருளாகவில்லை. பழங்காசு வியாபாரிகள் அதைச் சொற்ப விலைக்கே தருகிறார்கள். இலங்கையில் பின்னர் ஆண்ட சிங்கள மன்னர்கள்கூட அதே வடிவில் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டார்கள். தகப்பனின் பெயர் அவ்வாறு கடல் தாண்டி உப்புக்கும் புளிக்கும் கைமாறியிருக்க, மகனின் பெயரை மட்டும் நாம் வெல்வெட் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

புழக்கத்துக்கென்றே வரும் ஞாபகார்த்தக் காசுகளின் கதியும் சிலாக்கியமானதன்று. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு சாலைகளில் அடிக்கப்படும் நாணயங்கள் ரிசர்வ் வங்கி வழியாகப் பணப்பெட்டகங்களுக்கும் வங்கிக் கிளைகளுக்கும் மூட்டை மூட்டையாகப் போகின்றன. மூட்டைக்குள் எந்தத் தலைவர், எந்தக் கோயில் என்று பார்த்து ஊருக்கு ஏற்ப விநியோகிக்கும் வழக்கம் இல்லை. எண்ணிக்கையும் மதிப்பும் சரியாக இருந்தால் போதும். தஞ்சைக் கோயில் காசு எங்கோ வடக்கே குவிவதும், நாம் கேள்விப்பட்டேயிராத நிறுவனத்தின் பொன்விழாக் காசு நம்மூர் டீக்கடைக் கல்லாவில் நிறைவதும் இதனால்தான்.

இப்படி விதவிதமான உருவங்களோடு வந்ததன் விளைவைப் பத்து ரூபாய் நாணயம் அனுபவித்தது. தேதிக்கு ஒரு முகமாக வந்த அதைப் பார்த்து, எது அசல், எது போலி என்ற சந்தேகம் ஜனங்களுக்கு எழுந்தது. ரூபாய்ச் சின்னம் இல்லாதது செல்லாது என்று ஒரு வதந்தி; விளிம்பில் பத்துக் கோடுகள் இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி என்று இன்னொரு வதந்தி. கடைக்காரர் ஒருவர் வெளிச்சத்தில் காசைத் திருப்பித் திருப்பி, நகத்தால் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "நோட்டா இருந்தா குடுங்க சார்" என்று என்னிடமே திருப்பித் தந்திருக்கிறார். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லத்தக்கவையே என்று அறிவித்தது. அறிவிப்பு வந்த பிறகும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அந்தக் காசை வாங்க மறுத்தார்கள். இதில் கடைக்காரரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வரும் முகம் இன்னதென்று ஜனங்களுக்கு எட்டும்படி சொல்லாத அரசாங்கத்தின் அசிரத்தையே இதற்கு முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பிற தேசங்களில் இதைச் சற்று சாமர்த்தியமாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரை, ஆண்டுக்கு ஐந்து மாநிலங்களாக ஐம்பது மாநிலங்களின் பெயராலும் கால் டாலர் காசுகளை முறைப்படி அறிவித்துப் புழக்கத்தில் விட்டார்கள். இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு கியூ தோட்டத்தின் உருவம் பொறித்த ஐம்பது பென்ஸ் நாணயம் 2,10,000 மட்டுமே அடிக்கப்பட்டது. அந்தத் தொகையை நாணயச் சாலையே வெளியிட்டதால், குறைந்த எண்ணிக்கையே ஒரு விளையாட்டாகி, ஜனங்கள் மீதிச் சில்லறையை ஆவலோடு புரட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். நம் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையிலோ ஐந்து ரூபாய் எத்தனை, பத்து ரூபாய் எத்தனை என்ற மொத்தக் கணக்குத்தான் காணப்படுகிறது.

பெட்டி நாணயங்களை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேகரிப்பாளர்களின் ஆசைக்கு அவை இருந்துவிட்டுப் போகட்டும். ராஜேந்திரன் பெயரில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றையும் அடித்து, எத்தனை அடித்தோம் என்பதைப் பகிரங்கமாகச் சொல்லி, முதல் மூட்டைகளை அரியலூர், கடலூர், தஞ்சை மாவட்டங்களின் வங்கிகளுக்கு அனுப்பி வைக்க மத்திய நிதியமைச்சு முன்வர வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பத்து ரூபாய் நாணயத்தை எவரேனும் மறுத்தால் சண்டைக்குப் போகாமல், ரிசர்வ் வங்கியின் 2018 ஜனவரி அறிவிப்பை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.