எருசலேம் ஆலயமும் அதைக் கட்டிய கைகளும்

எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொன்னில் தொடங்கிப் பொன்னிலேயே முடித்துவிடுகிறார்கள். உட்சுவர்களில் பொன் தகடு, பொன் பீடம், பொன் விளக்குத்தண்டுகள். எல்லாம் விவிலியத்தில் உள்ளவைதான். ஆனால் இராஜாக்களின் முதலாம் புத்தகம் பொன்னைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஆட்களின் கணக்கைச் சொல்கிறது. அந்தக் கணக்கைத் தாண்டிப் போய் ஆலயத்தின் ஆன்மிகப் பொருளைத் தேடுவது சரியாகாது.

கட்டடம் அப்படியொன்றும் பெரியதல்ல. நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. அதாவது ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும். மக்கள் முற்றத்தில் நிற்பார்கள். ஆசாரியர்களே உள்ளே போவார்கள். முன்மண்டபம், பரிசுத்த ஸ்தலம், அதற்கும் உள்ளே மகா பரிசுத்த ஸ்தலம் என்ற அமைப்பு இஸ்ரவேலருக்கு மட்டும் உரியதும் அல்ல. வட சிரியாவில் அயின் தாரா என்ற இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழங்கோயில் ஏறக்குறைய இதே வடிவில்தான் இருந்தது. சாலொமோன் கட்டியதில் ஐயமின்றி அடையாளம் காட்டக்கூடிய எச்சம் எதுவும் கிடைக்காததால், அந்த ஆலயத்தைப் பற்றி நாம் அறிவதெல்லாம் எழுத்தின் வழியாகத்தான்.

அந்த எழுத்தில் மனதைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. கற்களை வெட்டுமிடத்திலேயே செதுக்கி முடித்துக் கொண்டுவந்தார்கள். ஆலயம் எழும்பிய இடத்தில் சுத்தியல், கோடரி என எந்த இரும்புக் கருவியின் ஓசையும் கேட்கவில்லை. இதற்கு வேர் மோசேயின் சட்டத்தில் இருக்கிறது. பலிபீடக் கற்களின் மேல் உளி படக்கூடாது என்கிறது அது. பிற்கால யூத அறிஞர்கள் மிஷ்னாவில் இதற்குக் காரணம் சொன்னார்கள்: இரும்பு மனிதன் வாழ்நாளைக் குறைக்கப் படைக்கப்பட்டது, பலிபீடம் அதை நீட்டிக்க ஏற்பட்டது. தாவீதுக்கு இந்த ஆலயத்தைக் கட்டும் பேறு கிடைக்காமல் போனதற்கும் அவர் போர்களில் சிந்திய இரத்தமே காரணம் என்று நாளாகமம் சொல்கிறது. வாளின் வாடை படாத வீடாக அது இருக்க வேண்டும் என்பதே அந்த மக்களின் ஏக்கம்.

வாளின் வாடை படவில்லை. வியர்வை?

லீபனோனின் கேதுரு மரங்களுக்காகத் தீரு நாட்டு அரசன் ஈராமோடு சாலொமோன் உடன்படிக்கை செய்தார். மரங்கள் தெப்பங்களாகக் கட்டப்பட்டுக் கடல் வழியே வந்தன. பதிலுக்கு ஆண்டுதோறும் கோதுமையும் ஒலிவ எண்ணெயும் போயின. மரம் வெட்ட இஸ்ரவேலிலிருந்து 30,000 பேரை அமஞ்சிக்கு, அதாவது கட்டாய வேலைக்கு, பிடித்தார்கள். மாதம் 10,000 பேர் என்று முறைவைத்து, ஒரு மாதம் லீபனோனிலும் இரண்டு மாதம் வீட்டிலும் இருந்தார்கள். அவர்களுக்கு மேலதிகாரி அதோனிராம். இவர்களைத் தவிரச் சுமை சுமப்போர் 70,000 பேர், மலையில் கல் வெட்டுவோர் 80,000 பேர் என்று நூல் எண்ணிக்கை தருகிறது. எண்கள் மிகைப்பட்டவை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆனால் எண்ணைக் குறைத்துப் படித்தாலும் கட்டாய வேலை கட்டாய வேலைதான். இஸ்ரவேலரில் எவரையும் சாலொமோன் அடிமையாக்கவில்லை என்று ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. ஐந்தாம் அதிகாரமோ அவர்களிலிருந்தே ஆள் பிடித்ததைச் சொல்கிறது. நூலாசிரியர் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார்.

இந்த அதிகாரங்களைப் படிக்கும்போது எகிப்து நினைவுக்கு வராமல் போகாது. ஆலயத்துக்கு அடித்தளமிட்ட ஆண்டையே, எகிப்திலிருந்து புறப்பட்ட 480ஆவது ஆண்டு என்றுதான் நூல் குறிக்கிறது. அங்கே பார்வோனுக்காகப் பண்டசாலை நகரங்களைக் கட்டித் தேய்ந்தவர்களின் சந்ததிதான் இஸ்ரவேலர். சாலொமோனும் பண்டசாலை நகரங்களைக் கட்டினார். ஆலயத்துக்கு ஏழு ஆண்டு பிடித்தது. அவருடைய அரண்மனைக்குப் பதின்மூன்று ஆண்டு.

மகா பரிசுத்த ஸ்தலத்தில், கேருபீன்களின் சிறகுகளுக்குக் கீழே உடன்படிக்கைப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டிக்குள் இரண்டு கற்பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பலகைகளின் பத்துக் கட்டளைகள், அடிமைத்தன வீட்டிலிருந்து மீட்டவர் யார் என்ற நினைவூட்டலோடு தொடங்குபவை; வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் ஓய்வுநாள் உண்டு என்பவை. அத்தனை பொன்னும் காத்து நின்றது இந்தச் சட்டத்தைத்தான். ஆலயத்தின் ஆன்மிகப் பொருள் என்று ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. வானாதி வானங்களும் கொள்ளாத இறைவனை இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்று பிரதிஷ்டை நாளில் சாலொமோனே கேட்டார். தூர தேசத்திலிருந்து வரும் அந்நியனின் வேண்டுதலும் கேட்கப்பட வேண்டும் என்றார். இஸ்ரவேலின் மன்றாட்டுகளிலேயே பரந்த மனம் கொண்ட ஒன்று அது.

ஆனால் அந்நியனை நினைத்த அரசன் அமஞ்சி ஆளை மறந்தார். சாலொமோன் இறந்ததும் மக்கள் அவர் மகன் ரெகொபெயாமிடம் வந்து, நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்கும்படி கேட்டார்கள். அவன் முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, இன்னும் பாரமாக்குவேன் என்றான். மக்களோடு வந்து நின்ற யெரொபெயாம், முன்பு யோசேப்பு வம்சத்தாரின் கட்டாய வேலைக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அரசன் அவர்களிடம் அனுப்பியதோ அமஞ்சித் தலைவன் அதோராமை. ஐந்தாம் அதிகாரத்தில் வந்த அதோனிராமே இவர் என்பது பலரின் கருத்து. மக்கள் அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன. பிரிந்த வட நாட்டுக்கு யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் வேறு வழிபாட்டிடங்களை ஏற்படுத்தினார். ஒரே மக்களுக்கு ஒரே ஆலயம் என்ற கனவு, அதைக் கட்டியவரின் மகன் காலத்திலேயே உடைந்தது.

ஆலயத்துக்கு முன்பு, வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரம் செய்த கதை இதற்கு நேர்மாறானது. மனமுவந்தவர்கள் மட்டும் கொடுக்கலாம் என்பதே அங்கே விதி. காணிக்கை அளவுக்கு மிஞ்சிக் குவிந்ததால், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் அறிவிக்க வேண்டியதாயிற்று. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் சாலொமோனின் ஆலயத்தை எரித்தபின், நாடு திரும்பியவர்கள் கட்டிய இரண்டாம் ஆலயத்துக்குப் பாரசீக அரசின் உதவி இருந்தது. ஆனாலும் வம்சத் தலைவர்கள் மனமுவந்து கொடுத்ததையும், கல்தச்சருக்கும் தச்சருக்கும் பணம் கொடுத்ததையும் எஸ்றாவின் நூல் பதிவுசெய்கிறது.

ஆகவே ஆலயக் கட்டுமானத்தைப் பற்றிப் போதிக்கிறவர்கள் இராஜாக்களின் முதலாம் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில் வரும் சாலொமோனின் ஜெபத்தோடு நின்றுவிடக் கூடாது. ஐந்தாம் அதிகாரத்தையும் பன்னிரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்தே சபையில் வாசிக்க வேண்டும். கல் வெட்டியவர்களையும் சுமை சுமந்தவர்களையும் எண்ணி எழுதிவைத்தது விவிலியமே. அந்தப் பகுதியை விட்டுவிட்டு வாசிக்கும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை.