ஆறிய வழக்கை எழுப்புதல்

காரைக்குடியில் 1939-ஆம் ஆண்டில் திரு. சா. கணேசன் அவர்கள் தோற்றுவித்த கம்பன் கழகத்தின் விழா, பங்குனித் திங்கள்தோறும் நிகழ்ந்து, கம்பர் சமாதி உள்ளதெனப் போற்றப்படும் நாட்டரசன்கோட்டையிலே நிறைவுறுவதை நம்மவர் அறிவர். இத்தகைய அவைகளிலே, வாலியை மறைந்து நின்று எய்தது அறமோ என்னும் வினா எழுவதுண்டு. அது புது வினா அன்று. காப்பியத்துள் வாலியே இராமனை நோக்கி வினவியது. எனினும், அதனை மீண்டும் எழுப்பியோரை, "ஆறிய கஞ்சி பழங்கஞ்சி" என்று எவரும் இகழ்ந்திலர். ஆங்கு நடுவர் உளர், இருசாரார்க்கும் ஒத்த நேரம் உண்டு, நூலே சான்று, தீர்ப்பின் பின்னர் இருசாராரும் ஒரு பந்தியில் அமர்ந்து உண்பர். ஆகவே, பழைய வழக்கை எழுப்புதல் தன்னளவிற் குற்றமன்று. எழுப்பும் முறையிலேயே குணமும் குற்றமும் உள எனத் துணிகின்றோம்.

முறை தவறின் விளைவது யாது? 1867-இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்னும் பெயரால் அச்சேறின. அப்பெயர் அவற்றிற்குத் தகுமோ என ஆறுமுக நாவலரும் அவர் சார்பினரும் மறுத்தெழுந்தனர். கண்டனங்கள் பெருகின, 1869-இல் பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. 1874-இல் அடிகளும், 1879-இல் நாவலரும் மறைந்தனர். வழக்கும் அவர்களோடு அடங்கியிருக்கலாம். ஆயின், கால் நூற்றாண்டு கழிந்தபின், யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை மறுப்பாளர் சார்பிலும், பின்னர் மறைமலையடிகள் எனப் பெயர் பெற்றவரும், அந்நாளிற் சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியராய் இருந்தவருமான வேதாசலனார் அருட்பாவின் சார்பிலும் நின்று அதனை மீண்டும் மூட்டினர். இருவரும் பெரும்புலவர்; இருவர்பாலும் நமக்கு மதிப்புண்டு. எனினும், தம் சொல்லுக்குத் தாமே விளக்கம் தரவேண்டிய முதல்வர் இருவரும் அப்பொழுது இலர் என்பதை மறக்கலாகாது.

அப்பூசலின் தொடர்பாய் எழுந்த நீதிமன்ற வழக்கொன்றிலே, 1904-ஆம் ஆண்டில், கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் தம் ஆசிரியர்க்காகச் சான்று கூறச் சென்றார். அதனால் தேர்வெழுத இயலாது போயிற்று. அவரது பள்ளிக் கல்வியும் அத்துடன் முடிவுற்றது. அம்மாணவரே பின்னாளில் தமிழ்த்தென்றல் எனப் போற்றப்பெற்ற திரு. வி. கலியாணசுந்தரனார். அவர் பிற்காலத்தே இராமலிங்க அடிகளைப் போற்றி 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலையும் இயற்றினார். தாம் பிறவாத காலத்துப் பூசலுக்காக ஓர் இளைஞர் தம் தேர்வை இழந்தார். பின்னர்த் தம் நெஞ்சாலேயே மற்றோர் முடிவினை எய்தினார். மூட்டியவர்க்கு அது வாதம். அவர்க்கோ வாழ்நாள் இழப்பு.

ஆதலின், பழைய வழக்கை எழுப்ப விழைவார் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முன்னோர் கூறியன முழுவதையும் முதலிற் படித்தல் வேண்டும். ஆய்வாளர் ப. சரவணன் இருசாரார் கண்டனங்களையும் ஒருங்கே தொகுத்து வெளியிட்டமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் பூசலை மூட்டாது, அதனை அறிய வழிசெய்தார். இரண்டாவது, புதுச் சான்றேனும் புது நோக்கேனும் கையில் இருத்தல் வேண்டும். பழஞ்சொல்லை உரக்கக் கூறுதல் புதுமையாகாது. மூன்றாவது, ஒருவர் சொல்லை எடுத்தாளுங்கால் அது கூறிய ஆண்டையும் உடன் கூறுக. அவர் பின்னர் மனம் மாறியிருத்தல் கூடும். நான்காவது, மறைந்தோர் கூற்றை அவரே கேட்டு மகிழுமாறு எடுத்துரைத்து, அதன்பின் மறுக்க. நன்னூலார் எழுவகை மதத்துள், பிறர் கொள்கையை முதற்கண் ஏற்றுப் பின் களைதலையும் ஒன்றாக வைத்தமை ஈண்டு நினைவுகூரத் தக்கது.

கேட்போர்க்கும் கடமை உண்டு. முதலாண்டு மாணவன் ஒருவன் அறியாது பழைய வினாவை எழுப்பின், "இது முன்னரே முடிந்தது" என்று அவன் வாயை அடைத்தல் முறையன்று. நமக்குப் பழையது அவனுக்குப் புதியது. இன்ன நூலில், இன்ன இடத்தில் விடை உளது எனக் காட்டுதலே ஆசிரியர்க்கும் மூத்தோர்க்கும் அழகு. அன்றியும், நீதி பெறாது அடக்கப்பட்ட வழக்கு எத்துணைப் பழையதாயினும் எழுப்பற்பாலதே. காலங்கடந்தது என்னும் சொல் குற்றத்தை மறைக்கும் போர்வையாதல் கூடாது.

நம் சொற்போர் மன்றத்து இளைஞரும், ஆண்டுக்கொருமுறை கூடிப் பழங்கதை பேசும் பழைய மாணவரும் இதனை உளங்கொள்வாராக. நீறு பூத்த நெருப்பைக் கிளறுமுன், விளக்கேற்றவோ வீட்டைக் கொளுத்தவோ என ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.